தரகர் யார் பக்கம்?

உத்தியோகத்தின் பொருட்டோ வியாபாரத்தின் பொருட்டோ சொந்த ஊரை விட்டு வெளி மாநிலம் செல்லும் தமிழர் ஒருவர், புதிய நகரத்தில் முதலில் தேடுவது குடியிருக்க ஒரு வீடு. சில நாட்கள் விடுதியிலோ உறவினர் இல்லத்திலோ தங்கிவிடலாம். ஆனால் மனைவி மக்களை அழைத்துக்கொள்ள வேண்டுமானால் வீடு வேண்டும். வீடு வேண்டுமானால் பெரும்பாலும் தரகர் வேண்டும். மும்பையில் அவரை எஸ்டேட் ஏஜெண்ட் என்பார்கள். தில்லியில் பிராப்பர்ட்டி டீலர் என்பார்கள். கொல்கத்தாவில் தலால் என்பார்கள். பெயர் எதுவாயினும் தொழில் ஒன்றே. வீடு உடையவரையும் வீடு தேடுபவரையும் ஒன்று சேர்த்துவைத்து, அதற்காக ஊதியம் பெறுவதே அது.

மொழி தெரியாத ஊரில், "வாங்க சார், நமக்கு எந்த ஊர்?" என்று ஒரு தரகர் தமிழில் கேட்டுவிட்டால் நம் மனம் குளிர்ந்துவிடுகிறது. மாதுங்காவிலும் செம்பூரிலும் கரோல்பாக்கிலும் இக்கேள்வியைக் கேட்டு மகிழ்ந்தவர் பலர். அந்த மகிழ்ச்சியில் நாம் கேட்க மறந்துவிடும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, இந்தப் பேரத்தில் தாங்கள் யாருக்காக நிற்கிறீர்கள்? தங்களைத் தவிர வேறு தரகர் யாரேனும் உண்டா?" என்பதே அது. நாம் கேட்காவிட்டாலும் தரகரே முன்வந்து சொல்ல வேண்டிய செய்தி இது. ஏன் சொல்ல வேண்டும், எப்போது சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் விளையும் தீங்கு யாது என்பவற்றை இங்கே விளக்க முற்படுகிறேன்.

முதலில் சட்டத்தின் அடிப்படையைப் பார்ப்போம். நம் நாட்டில் முகவர், முதல்வர் என்னும் உறவை வரையறுப்பது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். வேறொருவருக்காக ஒரு செயலைச் செய்யவோ, மூன்றாமவரோடு நடக்கும் விவகாரத்தில் அவருடைய பிரதிநிதியாக நிற்கவோ அமர்த்தப்பட்டவர் முகவர். அவ்வாறு அமர்த்தியவர் முதல்வர். முகவர் தம் முதல்வரின் கட்டளைப்படி நடக்க வேண்டும். கேட்டபோது கணக்குக் காட்ட வேண்டும். இக்கட்டு நேரும்போது முதல்வருக்குச் செய்தி அனுப்பி அவர் கருத்தை அறிய முயல வேண்டும். இவை 211 முதல் 214 வரையுள்ள பிரிவுகள் விதிக்கும் கடமைகள்.

அச்சட்டத்தின் 215, 216ஆம் பிரிவுகளுக்குக் காட்டப்பட்டுள்ள உதாரணங்கள் வீடு நிலம் பற்றியவையாகவே அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது. ஒருவர் தம் நிலத்தை விற்கும்படி முகவரைப் பணிக்கிறார். முகவரோ வேறொருவர் பெயரில் தாமே அதை வாங்கிக்கொள்கிறார். முக்கியமான செய்தியை வஞ்சகமாக மறைத்தார் என்றோ, விற்பனை தமக்குப் பாதகமானது என்றோ முதல்வர் காட்டுவாராயின், அந்த விற்பனையை மறுத்துவிடலாம். இன்னோர் உதாரணத்தில், குறிப்பிட்ட ஒரு வீட்டை வாங்கித் தரும்படி முகவர் பணிக்கப்படுகிறார். "அது கிடைக்காது" என்று முதல்வரிடம் சொல்லிவிட்டு அவரே அதை வாங்கிவிடுகிறார். முதல்வர் இதை அறிந்தால், முகவர் கொடுத்த அதே விலைக்கு வீட்டைத் தமக்கு விற்கும்படி வற்புறுத்தலாம். இவற்றின் உட்பொருள் ஒன்றுதான். முதல்வர் அறியாமல் முகவர் இன்னொரு பக்கத்துக்கு, அது தம் சொந்தப் பக்கமேயாயினும், நிற்கலாகாது.

இனி நடைமுறைக்கு வருவோம். ஒரு வீட்டுப் பேரத்தில் தரகர் விஷயம் சிக்கலாவது மூன்று வகையில்.

முதல் வகை, ஒரே தரகர் இரு தரப்புக்கும் நிற்பது. நவி மும்பையில் ஒரு வீடு 80 லட்சம் ரூபாய்க்குப் பேசப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். பேரத்தொகையில் 2 விழுக்காடு வீதம் இரு தரப்பிலும் தரகு பேசியிருந்தால் தரகருக்கு 1,60,000 ரூபாய் வீதம் மொத்தம் 3,20,000 ரூபாய் கிடைக்கும். வாங்க வந்த நண்பர், "80க்கு முடித்துக்கொடுங்கள், மிஞ்சிப் போனால் 85 வரை என்னால் முடியும்" என்று தரகரிடம் மனம் திறந்து சொல்லிவிடுகிறார். தமக்காகவே நிற்பவர் என்று எண்ணியதால் அல்லவா சொன்னார்? அச்சொல் அன்று மாலையே வீட்டுக்காரர் காதுக்கு எட்டினால், நம் நண்பருக்கு 5 லட்சம் நஷ்டம். தரகருக்கோ அதனால் கூடுதலாகக் கிடைப்பது இரு தரப்பிலும் சேர்ந்து வெறும் 20,000 ரூபாய்.

இக்கணக்கில் மற்றோர் உண்மையும் புலனாகும். இருவருக்கும் பொதுவாக நிற்கும் தரகருக்கு விலை ஏறுவதோ இறங்குவதோ பெரிதன்று. பேரம் முடிவதே பெரிது. ஆகவே இருவரில் எவர் எளிதில் இணங்குவாரோ அவரையே அவர் வற்புறுத்துவார். ஊருக்குப் புதியவரும், மொழி அறியாதவரும், விடுதி வாடகை ஏறிக்கொண்டிருப்பவருமே எளிதில் இணங்குவர். வெளி மாநிலத் தமிழர் பலருடைய நிலை இதுவே.

இரண்டாவது வகை, தரகர்களின் சங்கிலி. நாம் அறிந்த தமிழ்த் தரகரிடம் வீடு கேட்கிறோம். அவர் அடுத்த பேட்டையில் உள்ள தரகரைக் கைபேசியில் அழைக்கிறார். அவர், அக்கட்டடத்தின் சாவியை வைத்திருக்கும் மூன்றாமவரை அழைக்கிறார். வீடு பார்க்கச் செல்லும்போது மூவரும் வந்து நிற்கிறார்கள். எவர் நம்மவர், எவர் வீட்டுக்காரருடையவர் என்பது நமக்கு விளங்குவதில்லை. "எல்லாம் நம்ம ஆட்கள்தான்" என்ற சமாதானம் கிடைக்கிறது. நம் செய்தி மூன்று வாய் கடந்து உரிமையாளரை அடைகிறது; அவர் மறுமொழியும் அவ்வாறே மூன்று வாய் கடந்து நம்மை அடைகிறது. டோக்கன் என்றும் பயானா என்றும் சொல்லப்படும் முன்பணத்தை இம்மூவரில் ஒருவர் கையில் கொடுத்துவிட்டுப் பிறகு தவிப்பவரும் உளர்.

இவ்விடத்தில் ஒப்பந்தச் சட்டத்தின் 190 முதல் 193 வரையுள்ள பிரிவுகளை நினைவில் கொள்வது நன்று. முகவர் தாமே செய்வதாக ஏற்றுக்கொண்ட வேலையை, தொழில் வழக்கமோ வேலையின் தன்மையோ இடங்கொடுத்தாலன்றி, வேறொருவரிடம் ஒப்படைக்கலாகாது. முறைப்படி அமர்த்தப்பட்ட துணை முகவரும் தம்மை அமர்த்திய முகவருக்கே பொறுப்பாளி. மோசடியோ வேண்டுமென்றே செய்த தீங்கோ இருந்தாலன்றி, அவர் முதல்வருக்கு நேரே பொறுப்பாவதில்லை. அதிகாரமின்றி அமர்த்தப்பட்டவராயின், அவருக்கும் முதல்வருக்கும் இடையே உறவே இல்லை. அவர் செயலுக்கு அவரை அமர்த்திய தரகரே விடை சொல்ல வேண்டும். ஆகவே சங்கிலியில் எத்தனை கண்ணிகள், நம் கையில் இருக்கும் கண்ணி எது என்று தெரியாமல் பணம் கொடுப்பவர், பின்னர் எவரைக் கேட்பது என்று அறியாமல் திகைக்க நேரும்.

மூன்றாவது வகை, நாமே பலரை அமர்த்துவது. விரைவில் வீடு கிடைக்கட்டும் என்று நான்கு தரகரிடம் சொல்லி வைக்கிறோம். ஒருவரைப் பற்றி மற்றவருக்குச் சொல்வதில்லை. அதே வீட்டை இன்று ஒருவரும் அடுத்த வாரம் இன்னொருவரும் காட்டுகிறார்கள். வீடு முடிந்தபின் இருவரும் வந்து தரகு கேட்கிறார்கள். இத்தகைய வழக்குகளில், யாருடைய முயற்சி பேரம் முடிவதற்கு உண்மையான காரணமாயிற்று என்பதையே நீதிமன்றங்கள் நோக்கும். ஆயினும் நீதிமன்றம் வரை செல்லும் அலைச்சலை யார்தான் விரும்புவர்? முதல் நாளே இரு தரகருக்கும் உண்மையைச் சொல்லியிருந்தால் அச்சண்டை எழாது. இவ்வகையில் அறிவிக்கும் கடமை வாடிக்கையாளராகிய நமக்கே உரியது.

தரகர் இரு தரப்புக்கும் நிற்பதால் விலையில் மட்டுமன்றி வேறொன்றிலும் அபாயம் உண்டு. அது பலர் அறியாதது. ஒப்பந்தச் சட்டத்தின் 229ஆம் பிரிவின்படி, முதல்வருக்காக வேலை செய்யும்போது முகவருக்குக் கிடைத்த தகவல், முதல்வருக்கே கிடைத்த தகவலுக்கு ஒப்பாகும். தரகர் நமக்காக வேலை செய்யும்போது, அந்த வீட்டின் மேல் கடன் உள்ளது என்றோ வேறொருவருக்கு அதில் பங்கு உண்டு என்றோ அறிகிறார். பேரம் முறிந்துவிடுமே என்று நம்மிடம் சொல்லாது விடுகிறார். நாளை வழக்கு வந்தால், "உங்கள் முகவருக்குத் தெரியும்; ஆகவே உங்களுக்கும் தெரிந்ததாகவே கொள்ளப்படும்" என்ற வாதம் நம்மை நோக்கி எழக்கூடும். எனவே ஒருவரை "எனக்குரிய தரகர்" என்று ஏற்பதற்குமுன் அவர் எதிர்த்தரப்பிலும் கூலி பெறுகிறாரா என்று அறிவது மிகையான ஐயமன்று, தேவையான முன்யோசனை.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம் இதற்கு உதவாதா என்று நேயர்கள் கேட்கலாம். ரெரா என்று சுருக்கமாக வழங்கும் அச்சட்டம் ஓரளவு உதவும். அது முழுமையாக 2017 மே 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி, பதிவு செய்யப்பட வேண்டிய கட்டடத் திட்டங்களில் வீடு அல்லது மனை விற்க உதவும் தரகர், அம்மாநில ஒழுங்குமுறை ஆணையத்தில் தாமும் பதிவு பெற்றிருக்க வேண்டும். தாம் முடித்துத் தரும் ஒவ்வொரு விற்பனையிலும் தம் பதிவு எண்ணைக் குறிக்க வேண்டும். கணக்கும் ஆவணங்களும் வைத்திருக்க வேண்டும். பொய்யான செய்தி கூறி வாங்குபவரை ஏய்க்கலாகாது. முன்பதிவு செய்யும் நேரத்தில் வாங்குபவருக்குரிய தகவல்களும் தாள்களும் அவருக்குக் கிடைக்க உதவ வேண்டும். இவற்றை மீறினால் மீறல் நீடிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 10,000 ரூபாய் வீதம், அவ்வீட்டு விலையில் 5 விழுக்காடு வரை தண்டம் விதிக்கலாம். தரகர்மீது ஆணையத்தில் முறையிடவும் வழியுண்டு. தரகரைத் தரகர் என்றோ டீலர் என்றோ இடையாள் என்றோ எப்பெயரால் அழைத்தாலும் சட்டம் அவரை விடுவதில்லை.

எனினும் அச்சட்டத்துக்கு எல்லை உண்டு. அது விற்பனையைப் பற்றியது. வாடகைக்கு வீடு பிடிப்பவருக்கு அது கைகொடுக்காது. தரகர் இரு தரப்புக்கும் நிற்பதையோ, இடையில் வேறு தரகர் இருப்பதையோ அறிவிக்க வேண்டும் என்று தரகர் கடமைகளைக் கூறும் அதன் 9, 10ஆம் பிரிவுகளில் வெளிப்படையான சொல் இல்லை. சிங்கப்பூரில் 2010ஆம் ஆண்டு வந்த சட்டத்தின் கீழ், ஒரே தரகர் ஒரே பேரத்தில் இரு தரப்புக்கும் நிற்பதே தடுக்கப்பட்டிருக்கிறது. நம் நாட்டில் அத்தகைய நேர்த்தடை இல்லாமையால், கேட்பதும் சொல்வதும் பெரும்பாலும் நம் கையிலும் தரகர் கையிலுமே உள்ளன.

அங்ஙனமாயின் தரகர் ஏன் சொல்வதில்லை? எல்லாத் தரகரும் வஞ்சகர் என்று எண்ணுவது நியாயமன்று. பெரும்பாலோர் மௌனமாயிருப்பது அச்சத்தினால். "பக்கத்துப் பேட்டைத் தரகர் இன்னார், வீட்டுக்காரர் இன்னார் என்று நான் சொல்லிவிட்டால், கட்சிக்காரர் என்னைத் தாண்டி நேரே போய்விடுவார், நாள் முழுதும் அலைந்த எனக்குக் கூலி கிடைக்காது" என்பதே அவ்வச்சம். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. மூன்று நாள் வெயிலில் அழைத்துச் சென்று வீடு காட்டியவரை விட்டுவிட்டு, உரிமையாளரோடு இரகசியமாகப் பேரம் முடித்துத் தரகை மிச்சம் பிடித்தவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள்.

இவ்வச்சத்துக்கு மருந்து மறைத்தல் அன்று, எழுத்து. கல்கத்தாவில் ஒரு வீட்டை விற்பது குறித்து எழுந்த தரகு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1950இல் தீர்ப்பளித்தது. வாங்குபவரைத் தேடித் தர அமர்த்தப்பட்ட தரகருக்கு, உரிமையாளரைக் கட்டுப்படுத்தும் விற்பனை ஒப்பந்தத்தைத் தாமே செய்துவிடும் அதிகாரம் தானாக வந்துவிடாது என்று அது கூறியது. ஆயினும் பேசியபடி வாங்குபவரைத் தேடித் தந்த அத்தரகருக்குரிய தரகு அவருக்கு உண்டு என்றும் அது தீர்த்தது. அவ்வழக்கில் தரகரைக் காத்தது உரிமையாளர் அவருக்கு எழுதிக் கொடுத்திருந்த கடிதமே. ஆகவே வீடு காட்டும் அன்றே, "இன்ன வீட்டை இன்ன தேதியில் இன்னார் எனக்குக் காட்டினார், அது முடிந்தால் இவ்வளவு தரகு தருவேன்" என்று இரண்டு வரி எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டால், தரகர் தம் கூலியைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டாதவர் உண்மையை மறைக்கவும் வேண்டியதில்லை. நமக்கு வேண்டிய செய்தியும், அவருக்கு வேண்டிய உறுதியும் ஒரே தாளில் அடங்கிவிடும்.

இனி, அறிவிப்பது எப்போது, எவ்வாறு? தம்மால் இயன்ற உச்ச விலையை வாடிக்கையாளர் வாய்விட்டுச் சொல்வதற்கு முன்னரே அறிவிக்க வேண்டும். விலை வெளிப்பட்டபின் அறிவிப்பது, பால் சிந்தியபின் பாத்திரத்தை நிமிர்த்துவதுபோலாகும். முதலில் தமக்கு மட்டும் நின்ற தரகரிடம், வீட்டுக்காரரும் தம் சார்பில் பேசும்படி நடுவில் கேட்டுக்கொண்டால், அன்றே மீண்டும் அறிவிக்க வேண்டும். கேட்பவருக்கு விளங்கும் மொழியில் அறிவிக்க வேண்டும். தாள் மராத்தியிலோ இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். அதன் பொருளைத் தமிழில் வாய்விட்டுச் சொல்வதற்குத் தடையேதும் இல்லை.

சொல்ல வேண்டிய வாசகமும் நீண்டதன்று. "இந்த வீட்டை எனக்குத் தெரிவித்தவர் வீட்டுக்காரருடைய தரகர். நான் தங்களுக்காகப் பேசுகிறேன். என் கூலி தாங்கள் தருவது மட்டுமே. அவருடைய கூலியை வீட்டுக்காரர் தருவார்." இவ்வளவே போதும். இரு தரப்புக்கும் நிற்பவராயின், "நான் வீட்டுக்காரரிடமும் தரகு பெறுகிறேன். ஆகையால் தங்கள் உச்ச விலையை என்னிடம் சொல்ல வேண்டாம். அவருடைய குறைந்த விலையையும் நான் தங்களிடம் சொல்ல மாட்டேன். தங்களுக்குச் சம்மதமானால் மேலே பேசுவோம்" என்று சொல்லலாம். அறிவித்தல் ஒன்று, சம்மதம் பெறுதல் வேறொன்று என்பதையும் மறக்கலாகாது. செய்தியைக் கேட்டபின் "வேண்டாம், எனக்கென்று தனியே ஒருவரைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு.

தரகர் தாமாகச் சொல்லாவிட்டால் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் ஐந்து. தாங்கள் யாருக்காகப் பேசுகிறீர்கள்? இப்பேரத்தில் வேறு தரகர் யார் யார்? ஒவ்வொருவருக்கும் தரகு கொடுப்பவர் யார், எவ்வளவு? தங்களுக்கோ தங்கள் உறவினருக்கோ இவ்வீட்டில் பங்கு உண்டா? முன்பணம் எவர் பெயருக்கு, எவர் ரசீதின்மேல் செல்ல வேண்டும்? புதிய கட்டடத் திட்டமாயின், பதிவு எண் யாது என்பதையும் சேர்த்துக் கேட்டு, அதை மாநில ஆணையத்தின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். முன்பணத்தைக் கூடியவரை உரிமையாளர் பெயருக்கே வங்கி வழியாகச் செலுத்துவது நன்று. இக்கேள்விகளை மரியாதையோடு கேட்டால் நல்ல தரகர் வருந்தமாட்டார். கேட்டவுடன் சினப்பவர் நமக்கு ஒரு செய்தியைச் சொல்லாமலே சொல்லிவிடுகிறார்.

தரகருக்கும் இதில் நன்மை உண்டு. ஒப்பந்தச் சட்டத்தின் 220ஆம் பிரிவின்படி, தம் பணியில் முறைகேடாக நடந்த முகவருக்கு, அவ்வாறு நடந்த பகுதிக்குரிய ஊதியம் கிடையாது. மறைத்ததனால் தரகையே இழக்கும் அபாயம் அவருக்கும் உண்டு. மேலும், வெளியூரில் தமிழர்களிடையே தொழில் செய்பவருக்கு விளம்பரம் நம் வாய்ச்சொல்தான். "அவர் முதலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்" என்று ஒரு குடும்பம் கோயிலிலோ சங்கத்திலோ சொன்னால், அடுத்த ஆண்டு மாற்றலாகி வரும் குடும்பம் அவரையே தேடி வரும்.

தாய்மொழி பேசுபவரை அயலூரில் காண்பது பெரும் ஆறுதல். அவ்வாறுதலை இழக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. ஆயினும் ஒரே மொழி பேசுவதும் ஒரே பக்கம் நிற்பதும் ஒன்றல்ல. ஒருவர் வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வாங்கும் வீட்டின் சாவி கைக்கு வருமுன், அச்சாவி எத்தனை கைகளைக் கடந்து வருகிறது, அக்கைகள் யாருடையவை என்று அவர் அறிந்திருக்க வேண்டும். அதைக் கேட்பது அவருடைய உரிமை. மறையாது சொல்வது தரகருடைய கடமை.